இருட்டறைக்குள் ஒளி கொண்டு சென்றவர்

ஊர் விட்டு ஊர் வந்து படிக்கும் நமக்கு முதற் கவலை பாடம் அன்று. தலை சாய்க்க ஓர் இடம். விடுதியில் இடம் கிடைத்தவர்கள் பேறு பெற்றவர்கள். கிடைக்காதவர்கள் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் அறை தேடி அலைகின்றோம். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கின்றோம். மின்கம்பி பழையதா, மாடிப்படி ஒன்றுதானா, குளிக்கும் அறைக்குச் சன்னல் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் அறை கிடைக்காது என்னும் அச்சம் நம் நாவைக் கட்டிவிடுகின்றது.

2024 ஜூலை 27 அன்று இதே டில்லியில், பழைய ராஜேந்திர நகரில், தரைக்குக் கீழே அமைந்த ஒரு படிப்பகத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். பொருள்களை அடுக்கி வைக்க மட்டுமே இசைவு பெற்ற இடம் அது. அவர்களும் நம்மைப் போல வெளியூரிலிருந்து நூல்களைச் சுமந்து வந்தவர்களே. அச்செய்தியைப் படித்த நாள் முதல் என் மனம் ஒன்றையே எண்ணி வருந்தியது. இடிந்த வீடும் இருண்ட அறையும் மக்களைக் கொல்கின்றன என்பதை உலகம் இன்றுதான் கண்டுபிடித்ததா? அன்று. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதைக் கண்டார், கண்டதைக் காட்டினார், காட்டியதோடு நில்லாமல் வீட்டுக்காரர்களைத் திருத்தச் செய்தார். அவர் பெயர் ஜேக்கப் ரீஸ். வேதியியல் மாணவனாகிய நான் அவரைப் பற்றி எழுதுவது ஏன் என்று வியக்க வேண்டா. அவருடைய படைக்கலங்களுள் ஒன்று வேதியியல் தந்தது.

பிறப்பும் இளமையும்

1849 மே 3 அன்று டென்மார்க் நாட்டின் பழம்பெரும் ஊராகிய ரீபேயில் ரீஸ் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். பதினைந்து பிள்ளைகள் வளர்ந்த வீடு அது. ஆசிரியர் ஊதியம் எத்தனை வயிற்றை நிரப்பும்? ஆயினும் நூல்களுக்குக் குறைவில்லை.

அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது நிகழ்ந்ததாக ஒரு செய்தி உண்டு. ஊரின் ஓரத்தில் சாக்கடைமேல் நின்ற பாழ் வீடு ஒன்றில் ஏழைக் குடும்பங்கள் எலிகளோடு வாழ்ந்தன. கிறிஸ்துமஸ் நாளில் தமக்குக் கிடைத்த காசை எடுத்துக்கொண்டு சிறுவர் ரீஸ் அங்கே சென்றார். காசைக் கொடுத்தார், ஆனால் ஒரு கட்டளையோடு கொடுத்தார். வீட்டைத் தூய்மை செய்துகொள்ள வேண்டும் என்பதே அக்கட்டளை. பின்னாளில் அவர் நியூயார்க் நகரம் முழுவதற்கும் இட்ட கட்டளையும் அதுவே.

தந்தையார் இவரை எழுத்துத் துறையில் ஈடுபடுத்த விரும்பினார். இவரோ தச்சுத் தொழில் கற்றார். எலிசபெத் என்னும் பெண்ணை விரும்பினார், அவள் மறுத்தாள். மனம் உடைந்த இளைஞர், 1870-இல், இருபத்தொரு வயதில், நாற்பது டாலர் பணத்தோடு கப்பலேறி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார்.

தெருவில் கிடந்த நாள்கள்

அயலூரில் வேலையின்றி இருப்பது என்னவென்று ரீஸ் முழுமையாக அறிந்தார். சுரங்கத்தில் வேலை செய்தார். செங்கற் சூளையில் வேலை செய்தார். தச்சு வேலை செய்தார். வேலை இல்லாத நாள்களில் பட்டினி கிடந்தார். வீட்டு வாயில்களிலும் கடை ஓரங்களிலும் உறங்கினார். உணவு விடுதியின் சமையலறைச் சன்னல் வழியே யாரோ தந்த எலும்பும் ரொட்டித் துண்டும் அவருக்கு இரவு உணவாக இருந்ததுண்டு.

அந்நாளில் நியூயார்க் காவல் நிலையங்களில், வீடற்றவர் இரவில் படுக்க ஓர் அறை ஒதுக்கியிருந்தனர். வெறும் பலகையே படுக்கை. திருடனும் குடிகாரனும் நோயாளியும் வேலை தேடும் இளைஞனும் அங்கே ஒன்றாகக் கிடந்தனர். ஒரு மழை இரவில் ரீஸ், தெருவில் தம்மோடு ஒட்டிக்கொண்ட ஒரு நாய்க்குட்டியுடன் சர்ச் தெருக் காவல் நிலையத்தை அடைந்தார். நாயை உள்ளே விடவில்லை; அது வாயிலிலேயே காத்துக் கிடந்தது. நள்ளிரவில் விழித்தபோது, கழுத்தில் அணிந்திருந்த பொன் பதக்கத்தைக் காணோம்; எலிசபெத்தின் நினைவாக அவர் காத்து வந்த ஒரே பொருள் அது. முறையிட்டார். முறையீட்டைக் கேட்ட காவல் அதிகாரி இவரையே பொய்யர் என்று வெளியே தள்ளச் செய்தார். தலைவனுக்கு இழைத்த கொடுமையைக் கண்ட நாய், தள்ளியவனின் காலைக் கவ்வியது. அவன் அதைப் படிக்கட்டில் அடித்துக் கொன்றான்.

அந்த இரவை ரீஸ் மறக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, நகரக் காவல் வாரியத் தலைவராயிருந்த ஒருவரை அதே நிலையத்திற்கு அழைத்துச் சென்று, அதே அறையைக் காட்டினார். 1896-இல் அந்த அறைகள் அனைத்தும் மூடப்பட்டன. அவர் அழைத்துச் சென்றவர் பின்னர் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான தியடோர் ரூசுவெல்ட். சினத்தைச் செயலாக்கக் கால் நூற்றாண்டு காத்திருக்கத் தெரிந்தவர் ரீஸ்.

மல்பெரி தெருவின் செய்தியாளர்

மெல்ல மெல்ல அவருக்குச் செய்தித்தாள்களில் வேலை கிடைத்தது. 1876-இல் தாயகம் சென்று, முன்பு மறுத்த அதே எலிசபெத்தை மணந்து திரும்பினார். 1877-இல் நியூயார்க் டிரிப்யூன் இதழின் காவல்துறைச் செய்தியாளரானார். மல்பெரி தெருவில் காவல் தலைமையகத்திற்கு எதிரே இருந்தது அவருடைய அலுவலகம். கொலை, தீ, திருட்டு, தற்கொலை ஆகிய அனைத்தும் அந்த வாயில் வழியாகவே வந்தன. விடியற்காலையில் வேலை முடிந்து சேரிகளின் ஊடே நடந்து வீடு திரும்புவார். அப்போது அவர் கண்டது ஒன்று. குற்றமும் நோயும் சாவும் திரும்பத் திரும்ப ஒரே தெருக்களிலிருந்து, ஒரே வீடுகளிலிருந்து வந்தன.

அவ்வீடுகள் எத்தகையவை? நம் சென்னையில் ஒண்டுக்குடித்தனம் என்கின்றோமே, அதையே ஐந்து ஆறு மாடிகளாக அடுக்கிப் பாருங்கள். இருபத்தைந்து அடி அகல மனை. அதில் முன்னும் பின்னும் நெருக்கிக் கட்டிய கட்டடம். தெருவைப் பார்த்த அறைக்கும் கொல்லையைப் பார்த்த அறைக்கும் மட்டுமே சன்னல். இடையில் உள்ள அறைகள் பகலிலும் இரவுதான். குழாய் கீழ்த்தளத்திலோ கொல்லையிலோ இருக்கும். கழிப்பிடமோ கொல்லையில் ஒரு நீண்ட தொட்டியின்மேல் அமைந்த வரிசை. அத்தனை குடும்பங்களுக்கும் அதுவே.

சட்டம் இல்லாமல் இல்லை. 1867-இலேயே ஒரு சட்டம் வந்தது. இருபது பேருக்கு ஒரு கழிப்பிடம் வேண்டும், தீயில் தப்பிக்க வழி வேண்டும் என்று அது கூறியது. 1879-இல் மற்றொரு சட்டம், படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் சன்னல் வேண்டும் என்றது. கட்டடக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரு கட்டடங்களுக்கு இடையே கிணறு போன்ற ஒரு குறுகிய இடைவெளி விட்டு, அதை நோக்கிச் சன்னல் வைத்தார்கள். சட்டம் நிறைவேறிற்று, காற்று வரவில்லை. அந்த இடைவெளியில் குப்பை விழுந்தது, நாற்றம் எழுந்தது, தீப்பற்றினால் புகைபோக்கியாகி, மேல்மாடிவரை தீயை ஏற்றியது. எழுத்தைக் காத்துப் பொருளைக் கொல்லும் கலை எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

இருட்டில் எழுந்த ஒளி

ரீஸ் எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். சுகாதார வாரியக் கூட்டங்களில் உட்கார்ந்து முறையிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பதின்மூன்று அடிகூட இல்லாத ஓர் அறையில் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் உறங்கினார்கள் என்று எழுதினால், படிப்பவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். கண்ணால் கண்டால் அல்லவா நெஞ்சு சுடும்? ஆனால் எப்படிக் காட்டுவது? அவ்வறைகளில் ஒளி இல்லை. ஒளி இல்லாத இடத்தில் அந்நாளைய நிழற்படக் கருவி குருடு.

1887-இல் ஒருநாள் செய்தித்தாளில் நாலு வரிச் செய்தி ஒன்றைக் கண்டு அவர் துள்ளி எழுந்தாராம். செருமானியர் இருவர் மின்னல் போன்ற ஒளி தரும் ஒரு தூளைக் கண்டுபிடித்திருந்தனர். மெக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டு போன்ற பொருள்களைக் கலந்தது அத்தூள். குளோரேட்டு உயிர்வளியை விடுக்கின்றது. மெக்னீசியம் அதைப் பற்றி ஒரு நொடியில் எரிந்து கண்ணைப் பறிக்கும் வெள்ளொளி வீசுகின்றது. நம் ஆய்வுக்கூடத்தில் மெக்னீசிய நாடாவை இடுக்கியில் பிடித்து எரித்துப் பார்த்து மகிழ்ந்தோம் அல்லவா? அதே ஒளிதான். அந்த ஒளி ஒரு நகரத்தின் மனச்சான்றை எழுப்பியது.

சுகாதாரத் துறையில் பணியாற்றிய மருத்துவர் ஜான் நேகிள் முதலிய நண்பர்களோடு ரீஸ் நள்ளிரவில் சேரிகளுக்குள் புகுந்தார். முதலில் துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் தூளை வெடித்தனர். மக்கள் அஞ்சி ஓடினர். பிறகு வாணலி ஒன்றில் தூளை வைத்துக் கொளுத்தினார் ரீஸ். இருமுறை வீட்டில் தீப்பற்றியது. ஒருமுறை அவர் உடையிலேயே பற்றியது.

குருடர்கள் பலர் குடியிருந்த ஒரு சந்தில் படம் எடுத்தபோது சுவரில் தொங்கிய கந்தலும் தாளும் தீப்பற்றின. ஐந்து குருடர்கள் உள்ளே, குறுகிய படிக்கட்டு, வெளியே செல்ல வழி காட்ட ஒருவருமில்லை. ரீஸ் தம் மேலங்கியால் அடித்து அடித்துத் தீயை அணைத்தார். பின்னர் அஞ்சிய நெஞ்சோடு காவலர் ஒருவரிடம் கூறியபோது அவர் சிரித்தாராம். அந்த மாரிக்காலத்தில் மட்டும் அவ்வீடு ஆறுமுறை தீப்பற்றியும் எரியவில்லை என்றும், சுவரில் படிந்த அழுக்கே தீயை அணைத்துவிடுகின்றது என்றும் அவர் விளக்கினார்!

ஒரு வீட்டுக்காரரின் வழக்கு

அந்தச் சந்தின் சொந்தக்காரர் மர்ஃபி என்னும் முதியவர். அந்த வீடுகளிலிருந்தே நான்கு இலட்சம் டாலர் ஈட்டியதாக அவரே ரீஸிடம் கூறியிருக்கின்றார். முதுமையில் அவரும் கண்ணிழந்தார். சுகாதார வாரியம் அவர் வீடுகளைப் பழுது பார்க்கக் கட்டளையிட்டது. செய்யாவிடில் குடியிருப்போரை வெளியேற்றிக் கதவுக்குப் பூட்டுப் போடுவோம் என்றும் எச்சரித்தது. கிழவர் வாரியத்தின் முன் நேரில் வந்து வாதாடினார். தாம் கல்லறை வாயிலில் நிற்பவர் என்றார். தம் பணத்தைக் குப்பையில் கொட்டச் சொல்வது கொடுமை என்றார். இறுதியாக, அங்கே குடியிருப்போர் நல்ல வீட்டில் வாழத் தகுதியற்றவர்கள் என்றார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். ஏனெனில் அந்த வாதத்தை நானும் என் காதால் கேட்டிருக்கின்றேன்.

சென்ற குளிர்காலத்தில் நாங்கள் நால்வர் ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடி அறையில் குடியிருந்தோம். இங்கே பர்சாத்தி என்பார்கள். சன்னலே இல்லாத குளியலறைக்குள் எரிவாயுக் கீசர் பொருத்தியிருந்தது. மூடிய அறையில் எரிவாயு எரிந்தால் உயிர்வளி குறையும். குறைந்தால் எரிதல் முழுமை பெறாது. முழுமை பெறாவிட்டால் கார்பன் மோனாக்சைடு தோன்றும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் செந்நிறப் பொருளோடு உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது சேர்ந்துகொள்ளும். முதலாண்டுப் பாடம் இது. சனவரி மாதத்துக் காலை ஒன்றில் எங்கள் ஒரியா நண்பர் நெடுநேரம் வெளியே வரவில்லை. தட்டினோம், விடையில்லை. கதவை உடைத்தோம். வெறுந்தரையில் கிடந்தார். திறந்த மாடிக்குத் தூக்கி வந்து, மருத்துவமனையில் சேர்த்துப் பிழைக்க வைத்தோம்.

வீட்டுக்காரரிடம் சென்றபோது அவர் சொன்னது இதுதான். ஐந்து ஆண்டாகப் பையன்கள் குளிக்கின்றார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாணவர்களுக்கு இதற்குமேல் எதற்கு. பிடிக்காவிட்டால் மாத முடிவில் காலி செய்யலாம். மர்ஃபி கிழவர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகியும் அவர் வாதம் மட்டும் சாகவில்லை.

அப்போதுதான் ரீஸின் வழியை நாங்கள் பின்பற்றினோம். கீசரையும், புகை போக வழியற்ற சுவரையும், எர்த் கம்பி இல்லாத மின்பலகையையும் படம் எடுத்தோம். மருத்துவமனைத் தாளின் படியையும் சேர்த்து, தேதியிட்டு, இந்தியில் ஒரு கடிதம் எழுதினோம். என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டே வரியில் கேட்டோம்: கீசரை வெளியே திறந்த இடத்தில் மாட்ட வேண்டும், எர்த் கம்பி இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் பாதுகாப்புச் சுவிட்சு வைக்க வேண்டும். எங்கள் அறையினர் மட்டுமன்றி மூன்று தளத்துக் குடித்தனக்காரர்களும் கையெழுத்திட்டனர். வாடகை கொடுக்கும் நாளில் ஒன்பது பேரும் ஒன்றாகச் சென்றோம். கூச்சலிடவில்லை. கீழ்த்தளத்தில் அவர் பேரக்குழந்தைகள் குளிக்கும் அறையிலும் அதே கீசர், அதே மூடிய சுவர் என்பதை மட்டும் சொன்னோம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. இரண்டு வாரத்தில் இரண்டு கீசர்களும் வெளிச்சுவருக்கு வந்தன. எர்த் கம்பி இழுக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. பாதுகாப்புச் சுவிட்சும் மாடிப்படி விளக்கும் இன்றுவரை வரவில்லை. பாதி வெற்றிதான். ஆனால் அந்தப் பாதியில் ஓர் உயிர் இருக்கின்றது.

நூலும் அதன் விளைவும்

1888 முதல் ரீஸ் தம் படங்களைக் கண்ணாடிச் சில்லுகளாக்கி, மாய விளக்கால் திரையில் பெரிதாகக் காட்டி ஊர் ஊராகப் பேசினார். 1890-இல், மற்றப் பாதி மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்னும் பொருள்படும் பெயரோடு அவர் நூல் வெளிவந்தது. ரூசுவெல்ட் அதைப் படித்துவிட்டு ரீஸின் அலுவலகம் தேடி வந்தார், ரீஸ் இல்லை. நூலைப் படித்தேன், உதவ வந்தேன் என்னும் கருத்துப்பட ஒரு சீட்டு வைத்துச் சென்றார். நட்பு தொடங்கியது.

1891-இல் நடந்த மற்றொரு நிகழ்ச்சி வேதியியல் மாணவர்களுக்கு இனிக்கும். நகரின் குடிநீர் பற்றிய வாராந்தர ஆய்வறிக்கையில் நைட்ரைட்டு சிறிதளவு என்னும் குறிப்பு வந்துகொண்டிருந்தது. எல்லாரும் படித்தனர், எவரும் பொருள் கேட்கவில்லை. ரீஸ் கேட்டார். கழிவுநீர் கலந்ததன் அடையாளம் அது என்று அறிந்தார். நிழற்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு குரோட்டன் ஆற்றுப் படுகை முழுவதும் நடந்தார். ஊர்களின் சாக்கடை நேரே குடிநீரில் விழுவதைப் படம் பிடித்து வெளியிட்டார். காலரா அச்சம் பரவியிருந்த காலம் அது. நகராட்சி பெரும்பொருள் செலவிட்டு நீர்நிலைக் கரையோர நிலங்களை வாங்கிக் காத்தது. அறிக்கையின் ஒரு சொல்லை அறிந்து படித்ததன் பயன் இது!

மல்பெரி வளைவு என்னும் கொடிய சேரியை இடித்துப் பூங்கா அமைக்க அவர் பல்லாண்டு போராடினார். 1897-இல் பூங்கா திறக்கப்பட்டது. திறப்பு விழாவிற்கு அவரை அழைக்க மறந்தார்கள்! அவர் கூட்டத்தில் ஒருவராய் நின்றார். ஆயினும் நகரத் துப்புரவுத் தலைவர் வேரிங், மேடையிலிருந்து அவர் பெயரைச் சொல்லி மக்களை ஆரவாரிக்கச் செய்தார்.

சட்டம் பல் பெற்றது

நல்ல உள்ளம் மட்டும் போதுமா? வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் சென்றார்கள். மாடிதோறும் தண்ணீர்க் குழாய் வைக்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து வழக்காடியது வேறு யாருமல்லர். நகரின் செல்வம் மிக்க டிரினிட்டி திருச்சபை. தன் பொருளைச் செலவிடச் சொல்ல அரசுக்கு உரிமை உண்டா என்பது வினா. 1895-இல் மேல்முறையீட்டு மன்றம் உண்டு என்றது. மக்களின் உடல்நலத்திற்காகச் சிறு செலவை வீட்டுக்காரர்மேல் சுமத்தலாம் என்னும் நெறி அன்று உறுதிப்பட்டது.

1901-இல் புதிய குடியிருப்புச் சட்டம் வந்தது. அதை வரைந்தவர்களுள் முதன்மையானவர் லாரன்ஸ் வெய்லர்; அதற்கான மக்கள் உள்ளத்தைப் பண்படுத்தியவர் ரீஸ். புதிய வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் திறந்த வெளியை நோக்கிய சன்னல், ஒவ்வொரு குடித்தனத்திற்கும் தனிக் கழிப்பிடம் ஆகியவை கட்டாயமாயின. பழைய வீடுகளும் தப்பவில்லை. இருண்ட அறைச் சுவரில் சன்னல் வெட்ட வேண்டும். கொல்லைத் தொட்டிக் கழிப்பிடத்தை அகற்ற வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, முறையீட்டைக் கேட்கவும் நேரில் சென்று பார்க்கவும் தனித்துறையே 1902-இல் தொடங்கியது. மோஷன் என்னும் பெயருடைய வீட்டுக்கார அம்மையார் ஒருவர் தொட்டியை மாற்ற மறுத்து வழக்காடினார். 1904-இல் மாநில மேல்மன்றத்திலும் 1906-இல் நாட்டின் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். கட்டளை, மேற்பார்வை, தண்டனை ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் சட்டம் பல் பெற்றது.

குறையும் நிறையும்

ரீஸ் குறையற்றவர் என்று கூற மாட்டேன். அவர் நூலில் சீனரைப் பற்றியும் யூதரைப் பற்றியும் இத்தாலியரைப் பற்றியும் எழுதியவற்றுள் பல, இன்று படிக்க வெட்கம் தருவன. இன்னார் இப்படிப்பட்டவர் என்று இனத்திற்கு ஒரு முத்திரை குத்திவிடுகின்றார். உறங்கியவர்களின் இசைவு கேளாமல் நள்ளிரவில் படமெடுத்ததும் எண்ணிப் பார்க்கத்தக்கது. மதராசி என்னும் ஒரே சொல்லில் நம் எல்லாரையும் அடைத்து வைப்பதை நாளும் கேட்கும் நமக்கு, இக்குறையின் வலி விளங்கும். ஆயினும், குடியிருப்போரின் இயல்பே சேரிக்குக் காரணம் என்று மற்றவர் சொன்னபோது, வீடும் அதன் வாடகைக் கொள்ளையும் காரணம் என்று அவர் கணக்குக் காட்டினார். புரூக்ளினில் ஆல்பிரட் வைட் என்பவர் காற்றோட்டமான வீடுகளைத் தொழிலாளர்க்குக் கட்டிக் கொடுத்தும் நூற்றுக்கு ஐந்து இலாபம் பெற்றதை எடுத்துக்காட்டி, நேர்மையும் இலாபமும் ஒரே வீட்டில் வாழ முடியும் என்றார்.

1914 மே 26 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பாரே என்னும் ஊரில், தம் பண்ணை வீட்டில் ரீஸ் காலமானார். அவருடைய கண்ணாடிப் படத்தகடுகள் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தன. 1940-களில் அலெக்சாண்டர் ஆலண்ட் என்னும் நிழற்படக் கலைஞரின் முயற்சியால் மீண்டும் உலகைக் கண்டன. 1949-இல் அவர் பெயரால் நியூயார்க் நகரில் அரசுக் குடியிருப்புகள் எழுந்தன. 2022 செப்டம்பரில் அதே குடியிருப்பின் குழாய்நீரில் ஆர்செனிக் இருப்பதாகச் செய்தி பரவி மக்கள் பதறினர். ஆய்வுக்கூடத்தின் பிழை என்று பின்னர்த் தெரிந்தது. ஆனால் கலங்கிய நீரைப் பற்றிக் குடியிருப்போர் அதற்கு முன்பே முறையிட்டு வந்தனர். ரீஸின் பெயரைத் தாங்கிய வீட்டிலும், முறையிடுவோர் குரலை ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கின்றது!

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே, பெரியோர் வரலாறு படிப்பது பெருமூச்சு விடுவதற்காக அன்று. நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதைத் தெரிவித்த பின்னும் தகுந்த காலத்திற்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கின்றது. 1958-ஆம் ஆண்டின் டில்லி வாடகைச் சட்டம், 44-ஆம் பிரிவில், வீட்டை நல்ல நிலையில் வைப்பது வீட்டுக்காரர் கடமை என்றே கூறுகின்றது. எழுத்தில் தெரிவித்தும் செய்யாவிட்டால், ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை செலவிட்டுக் கழிக்க இடமளிக்கின்றது. ஆனால் மாத வாடகை 3500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளை 1988-ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது; நம் அறைகளுள் பல அப்படிப்பட்டவை. ஆகவே, பழுது பார்ப்பது யார் கடமை என்பதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதி வாங்குவது அறிவுடைமை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பு கேட்பது எளிது. கொடுத்த பின்பு கேட்பது அரிது.

நம் மன்றத்திற்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றேன். பொங்கல் விழாவிற்கும் பட்டிமன்றத்திற்கும் பதிவேடு வைத்திருக்கின்றோம். வீடுகளுக்கும் ஒரு பதிவேடு வைப்போம். நம் மாணவர் குடியிருக்கும் ஒவ்வோர் அறையிலும் வெளியேற எத்தனை வழி, எர்த் கம்பி உண்டா, கீசர் எங்கே இருக்கின்றது, கேட்டபோது வீட்டுக்காரர் சரி செய்தாரா என்று தேதியோடு எழுதுவோம். நல்ல வீட்டுக்காரரையும் அதில் மறவாமல் குறிப்போம். அடுத்த ஆண்டு திருநெல்வேலியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ பெட்டியோடு வந்திறங்கும் தம்பி, தங்கை கையில் முதலில் அதைக் கொடுப்போம். ஒருவர் தனியே கேட்டால் காலி செய்யச் சொல்வார்கள்; ஒன்பது பேர் சேர்ந்து கேட்டபோது கீசர் வெளியே வந்தது. தொண்ணூறு பேர் கேட்டால் என்னென்ன வெளியே வரும் என்பதையும் பார்த்துவிடலாம். வரும் ஞாயிறு நடக்கும் மன்றக் கூட்டத்தில் இதை முன்மொழிய இருக்கின்றேன்; வழிமொழிய வாருங்கள்.